வெள்ளிக்கிழமை மேட்னியில் மட்டும் இருந்த காட்சி

ஜூன் பிறந்துவிட்டால் வயலில் குறுவை நாற்று முளைக்கிறதோ இல்லையோ, ஃபோனில் பட்டியல்கள் முளைத்துவிடுகின்றன. ‘இந்த ஆண்டில் இதுவரை வெளிவந்த சிறந்த படங்கள்.’ வருஷம் பாதிதான் போயிருக்கிறது, அதற்குள் தீர்ப்பு. நானும் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூரில் எங்கள் மாடி வீட்டில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பழைய பாபநாசத்துக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து படங்களை வரிசைப்படுத்திப் போட்டேன்.

முதலிடம், கதாநாயகன் இருநூறு பேரை வெட்டிவிட்டுக் கடைசியில் தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லும் படம். எல்லாரும் முதலிடம் கொடுத்திருந்தார்கள், எனக்கெதற்கு வம்பு என்று நானும் கொடுத்தேன். இரண்டாமிடம் ஒரு படத்தின் முதல் பாகம். கதை இரண்டாம் பாகத்தில்தான் ஆரம்பிக்குமாம், காத்திருக்கிறேன். மூன்றாவது, கல்யாணத்துக்குச் சமைக்கப் போகும் ஒரு பெண்ணின் கதை. தியேட்டரில் மூன்று நாள் ஓடியது. நான் ஃபோனில் ஆறு தவணையாகப் பார்த்தேன், ஆறு தவணையிலும் கண் கலங்கியது. உண்மையில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருக்க வேண்டும். நான்காவது படத்தின் பெயர் மறந்துவிட்டது, மகனிடம் கேட்டு எழுதினேன். ஐந்தாவது படத்தில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம். அந்த நன்றிக்காகச் சேர்த்தேன்.

குழுவில் பதினேழு கட்டைவிரல்கள் வந்தன. அந்தப் படங்களை முழுசாகப் பார்த்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் குழுவுக்கு வெளியே, தனியாக ஒரு செய்தி வந்தது. குத்தாலத்திலிருந்து செல்வி.

“அண்ணே, லிஸ்ட் பாத்தேன். நம்ம ஊர்ல எடுத்தாங்கள்ல, அந்தப் படம் இப்ப ஃபோன்ல வந்துருக்காம். அப்பா வர்ற எடம் எத்தனாவது நிமிஷம்னு என் பையன் கேக்குறான். உங்களுக்குத்தானே தெரியும், பாத்துச் சொல்லுங்க.”

நீல டிக் விழுந்து மூன்று நாளாகிறது. நான் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களுக்குச் சொன்னால்தான் எனக்கும் தெளியும்.

செல்வி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் ஏறியது பூச்சிமருந்து வாசனை. தப்பாக நினைக்காதீர்கள். செல்வியின் அப்பாவை எனக்குத் தெரிந்தது உரக்கடையில். பாபநாசம் கடைத்தெருவில் ஆசீர்வாதம் ஐயாவின் உரக்கடையில் பில் போடுவதுதான் எனக்கு முதல் வேலை. அந்த வாசனை சட்டையில் ஏறினால் வண்ணானுக்குப் போட்டாலும் போகாது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு மாமி ஜன்னலைத் திறந்து வைத்தார், அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். இடது பாதி கடைக்கு: யூரியா உண்டு, டி.ஏ.பி. உண்டு, பொட்டாஷ் இல்லை. வலது பாதி எனக்கு. அந்த வருஷத்தில் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்த படங்களை நான் அதில் வரிசைப்படுத்தி எழுதுவேன். ஆனியில், குறுவைக்கு அடியுரம் வாங்க ஜனம் வரும் நேரமாகப் பார்த்து அரையாண்டுப் பட்டியல் வெளிவரும். ‘இதுவரை’ என்று மேலே எழுதி இரண்டு கோடு போடுவேன். இன்றைக்கு ஆளாளுக்குப் போடுகிறார்களே, அன்றைக்குப் பாபநாசம் வட்டாரத்துக்கு நான் ஒருவன்தான். ஒரு தடவை ஒருவர் மூன்றாம் இடத்துப் படத்தின் பெயரைப் படித்துவிட்டு, புது மருந்து என்று நினைத்து அரை லிட்டர் கேட்டார். படங்களுக்கு அந்த வருஷம் அப்படித்தான் பெயர் வைத்தார்கள்.

ஆசீர்வாதம் ஐயா லுத்தரன் சபைக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, பிறந்ததிலிருந்து ஒரு சினிமா பார்த்ததில்லை. பலகையில் சினிமாவுக்கு இடம் கொடுத்தது வியாபாரத்துக்காக. “நின்னு படிக்கிறவன் வெறுங்கையோட போக மாட்டான்” என்பார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் மட்டும் வலது பாதியை ஈரத்துணியால் துடைத்துவிடுவார், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமைதான் எனக்கு சாக்பீஸ் கிடைக்கும். ஆனால் பாதி எதுவானாலும் பொய் எழுதக் கூடாது என்பதில் மனிதர் கல். ஒருமுறை நான் ‘நாளை யூரியா வரும்’ என்று எழுதிவிட்டேன். வந்து பார்த்தார். “நாளைக்கு என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, ‘வரும்’ என்பதை அழித்து, ‘வந்தால் உண்டு’ என்று தன் கையால் எழுதினார்.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்தான் செல்வியின் அப்பா கோவிந்தராசு. வாய்க்கால் ஓரமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம், கணீரென்ற குரல். மற்றபடி ஊரில் அவரைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் கிடையாது, அந்தக் கார்த்திகை மாதம் சினிமாக்காரர்கள் வந்து இறங்கும் வரை.

டெல்டாவில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பச்சை வயல், அதில் ஓடும் தண்ணீர், தண்ணீரைத் தாண்டும் ஒரு கதாநாயகி, இவ்வளவு இருந்தால் போதும். என்ன மாதம், என்ன பயிர் என்பதெல்லாம் எங்கள் கவலை. கோவிந்தராசுவின் வயல் பிடித்துப்போய், மடையைத் திறக்கச் சொன்னார்கள்.

“கார்த்திகையில பெய்யிற மழைக்கு வடிய வைக்கவே வழியக் காணோம். இப்ப மடையத் தொறக்கறவன் பைத்தியக்காரன்ங்க” என்றார் கோவிந்தராசு.

“படத்துல இது சித்திரை மாசம்ங்க” என்றார் உதவி டைரக்டர்.

“சித்திரையில ஆத்துல தண்ணியே வராதுங்களே.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த டைரக்டருக்கு அவருடைய முகமும் குரலும் பிடித்துப்போயிற்று. சித்திரையா கார்த்திகையா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, அவருக்கே ஒரு வசனம் கொடுத்துவிட்டார். பட்டணத்திலிருந்து திரும்பி வரும் கதாநாயகனைப் பார்த்து, தோளில் மண்வெட்டியோடு இவர் சொல்ல வேண்டும்: “மடை தொறந்தாச்சு தம்பி. இனிமே தண்ணி தன்னால வரும்.” அவ்வளவுதான். பதினோரு தடவை எடுத்தார்கள். கதாநாயகன் நான்கு தடவை வசனம் மறந்தார், மூன்று தடவை வரப்பில் வழுக்கினார், மூன்று தடவை வெயில் போயிற்று, பதினோராவதுதான் தேறியது. கோவிந்தராசு பதினோரு தடவையும் பிசகாமல் சொன்னார். நான் கடையை விட்டுவிட்டுப் போய் வேடிக்கை பார்த்தேன், அதனால் இது கேள்விப்பட்டதல்ல.

அடுத்த வைகாசியில் செல்விக்குக் குத்தாலத்தில் கல்யாணம் ஆனது. நல்ல இடம்தான். ஆனால் சம்பந்தி வாயைத் திறந்தால், “நாங்க தலைமுறையா கிஸ்தி கட்டுற குடும்பம்” என்பார். சொந்த நிலக்காரர் என்று அர்த்தம், குத்தகைக்காரர் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம் என்றும் அர்த்தம். கோவிந்தராசுவிடம் பதிலுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. “ஆனியில படம் வருது சம்பந்தி. குடும்பத்தோட வாங்க.” அதிலிருந்து மாமியார் வீட்டில் செல்விக்குப் பெயரே ‘சினிமாக்காரர் பொண்ணு’. அது பாதி கேலி, பாதி எதிர்பார்ப்பு. எந்தப் பாதி மிஞ்சப்போகிறது என்பது படம் வந்தால்தான் தெரியும்.

படம் வந்தது. எங்கள் கொட்டகைக்குப் புதுப்படம் கும்பகோணத்தில் கிழிந்து ஓய்ந்த பிறகுதான் வரும். ஆனால் எங்கள் ஊரில் எடுத்த படம் என்பதால் இதை மட்டும் முதல் நாளே கொடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே, படம் பார்ப்பதற்கு முன்பே, பலகையில் அதற்கு முதலிடம் எழுதிவிட்டேன். நம்ம ஊர் வயல் இருக்கிற படம் நன்றாக இல்லாமல் எப்படிப் போகும்? இதில் எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. இன்றைக்குப் படம் வருமுன் விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்து என்னால் கோபப்பட முடியாததற்கு இதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை, பேங்குக்குப் போய் வருகிறேன் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு மேட்னிக்குப் போனேன். நடவு மும்முரத்தில் ஊரே வயலில் இருந்தது. கொட்டகையில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். விளக்கு அணைந்தது. பாட்டு வந்தது, பாட்டில் கோவிந்தராசுவின் வயல் வந்தது, ஒரு இருமல் இருமி நிமிர்வதற்குள் போயும்விட்டது. அடுத்து கதாநாயகன் அரிவாளோடு மதுரையில் நிற்கிறான். மடை வரவில்லை. மண்வெட்டி வரவில்லை. கோவிந்தராசு வரவில்லை. பின்னால் வருமோ என்று கடைசிப் பெயர்ப்பட்டியல் வரை உட்கார்ந்திருந்தேன். பெயரிலும் இல்லை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பலகையில் முதலிடம் எழுதியவன் நான், அதை எப்படி அழிப்பது என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மறுநாள் காலையில் கோவிந்தராசு கடைக்கு வந்தார். நடவு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கால் வரை சேறு.

“தம்பி, பாத்தியாமே. நம்ம சீனு எப்புடி வந்துருக்கு?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்கிற தைரியம் உங்களுக்கு இருந்திருக்கலாம். எனக்கு இல்லை.

“நல்லா வந்துருக்குண்ணே.”

அவர் டி.ஏ.பி. மூட்டையைத் தூக்கி சைக்கிளில் வைக்கும்போது பாடிக்கொண்டே வைத்தார். அன்றைக்கே குத்தாலத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குச் சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வந்து இறங்கினார்கள். இருபது இருபத்தைந்து பேர். பட்டுப்புடவைகள், முறுக்குப் பொட்டலம், கைக்குழந்தைகள். புது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் செல்வி, பெருமையை அடக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டு. நான் எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று டீ குடித்தேன். படத்தை உள்ளே இருந்து பார்த்ததை விட வெளியே இருந்து பார்த்தது எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

படம் விட்டது. எல்லாரும் வெளியே வந்தார்கள். சம்பந்தி வாசலிலேயே நின்றார்.

“நான் கண்ணக் கூட சிமிட்டல சம்பந்தி. நெலம் வந்துச்சு. நீங்க வரலியே?”

கோவிந்தராசு திரும்பிக் கொட்டகைக்குள் பார்த்தார்.

மாமியார் செல்வியைப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கா எங்கள இவ்ளோ தூரம் வரச்சொன்னாரு உங்கப்பா? இந்தப் படத்தப் பாக்க குத்தாலத்துலயே கொட்டகை இருக்கே.”

செல்வி தரையைப் பார்த்தாள். அந்த வீட்டில் இனி அவள் காலம் முழுக்க எந்தப் பாதி மிஞ்சும் என்பது அந்த நிமிஷம் முடிவாகிக்கொண்டிருந்தது. எனக்கு அது புரிந்தது. டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“தம்பி பாத்துச்சு” என்று கோவிந்தராசு என்னைக் காட்டினார். “வெள்ளிக்கெழமையே பாத்துச்சு. அதுகிட்ட கேளுங்க.”

இருபத்தைந்து பேரும் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். டீக்கடைக்கு அடுத்ததுதான் எங்கள் உரக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது, பலகை மட்டும் வாசலில் தொங்கியது. நான் எழுந்து நின்றேன். அதன் பிறகு வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வந்தது.

“வெள்ளிக்கெழம இருந்துச்சுங்க. நான் என் கண்ணால பாத்தேன். ஞாயித்துக்கெழம ஒரு காட்சி கூடுதலா ஓட்டணும்ல, அதுக்காக வெள்ளிக்கெழம மேட்னி முடிஞ்சதுமே வெட்டிருப்பானுங்க, வெட்டினதத் திரும்ப ஒட்ட மாட்டானுங்க. எப்பவும் பண்றதுதான்.”

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. எங்கள் கொட்டகையில் ஞாயிறன்று வெட்டாத படமே கிடையாது. ஒரு படத்தில் கல்யாணமே இல்லாமல் குழந்தை பிறந்து, ஊர் மூன்று நாள் அதைப் பற்றி விவாதித்தது. சொன்னதோடு விட்டேனா? பலகைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, முதலிடத்துக்குக் கீழே எழுதினேன்: ‘இந்த ஆண்டில் இதுவரை சிறந்த காட்சி: மடை திறக்கும் காட்சி. நடிப்பு: கோவிந்தராசு, பாபநாசம்.’

எழுதித் திரும்பினால், கறுப்புக் குடை. சாயங்கால ஆராதனைக்குப் போகிற வழியில் ஆசீர்வாதம் ஐயா நின்று படித்துக்கொண்டிருந்தார், கையில் பாட்டுப் புத்தகம்.

“எழுதினது நெசமா?” என்றார்.

நான் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஐயா என்னைப் பார்த்தார், கோவிந்தராசுவைப் பார்த்தார், கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்காத செல்வியைப் பார்த்தார். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“வெள்ளிக்கெழம மத்தியானம், பேங்குக்குப் போறேன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டு, இவன் சினிமாவுக்குப் போனான். அது நெசம். அதுக்கு நான் சாட்சி.”

அவ்வளவுதான். ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை. நடந்து போய்விட்டார். ஆனால் பாபநாசத்தில் ஆசீர்வாதம் ஐயா சாட்சி சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது குத்தாலம் வரைக்கும் தெரியும். எதற்குச் சாட்சி சொன்னார் என்று யார் கவனித்தார்கள்? சம்பந்தி மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நான் வெள்ளிக்கெழமையே போலாம்னேன். நீதான் ஞாயித்துக்கெழமன்ன.”

வேன் கிளம்பும்போது மாமியார் செல்வியின் தலையில் சரிந்த பூவைச் சரிசெய்வதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது, துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நேராகப் பலகைக்குத்தான் போனேன். ஐயா உள்ளேயிருந்து சொன்னார்: “பொட்டாஷ் வந்துருக்கு, அத எழுது. அந்தப் பக்கம் இருக்கட்டும்.” ஐப்பசி மழை வந்து அழிக்கும் வரை அது இருந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வெள்ளிக்கிழமை மேட்னி பார்த்த அந்த நாற்பது பேர் இருந்தார்களே, அவர்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என் கதை கந்தலாகியிருக்கும். ஆனால் முதல் நாள் படம் பார்க்கிறவனுக்கு அதுதான் ஊரில் ஒரே சொத்து. முதல் நாளே பார்த்தும் அந்தக் காட்சியைக் கவனிக்கவில்லை என்று எவன் ஒத்துக்கொள்வான்? “பார்த்தேனே” என்றான் ஒருவன். “பச்சத்துண்டு கட்டிருந்தாரு” என்றான் அடுத்தவன். வாரம் முடிவதற்குள், கோவிந்தராசு வந்ததும் கொட்டகையே கைதட்டியது என்று ஆகிவிட்டது. நாற்பது பேர் நானூறு பேரானார்கள். கொட்டகை ஆபரேட்டர் காதுக்கும் போயிருக்கிறது. அந்த மனுஷன் சண்டைக்கு வருவான் என்று நான் பயந்துகொண்டிருந்தால், அவன் பீடியை அணைத்துவிட்டு, “சீன் நல்ல சீன்தான் சார், கொஞ்சம் இழுவையா இருந்துச்சு, அதான் எடுத்துட்டேன்” என்றான். வாழ்நாள் முழுக்க வெட்டியவனுக்கு, எதை வெட்டினோம் எதை வெட்டவில்லை என்பது எப்படி ஞாபகம் இருக்கும்?

கோவிந்தராசு மட்டும் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வந்து கேட்பார்: “தம்பி, நான் சொல்லும்போது மூஞ்சி எப்புடி இருந்துச்சு?” நான் சொல்வேன். முதல் வருஷம் கொஞ்சமாகச் சொன்னேன். பிறகு, வசனத்துக்கு முன் ஒரு நொடி தண்ணீரைப் பார்த்தீர்கள் என்றேன். அடுத்த வருஷம், குரல் லேசாகக் கம்மியது என்றேன். எனக்குத் தெரிந்த நல்ல நடிப்பையெல்லாம் அவருக்குக் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கண் ஓரத்தில் தண்ணீர் நிற்கும். என்னை நம்பினாரா, நம்புவது நல்லது என்று முடிவு செய்துகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். கடைத்தெருவில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில், அவர் பெயருக்குக் கீழே ‘திரைப்படக் கலைஞர்’ என்று போட்டிருந்தது. சம்பந்தி வீட்டார் வைத்த பேனர் அது. வேறு யார் வைத்திருந்தாலும் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இப்போது அந்தப் படம் ஃபோனில் இருக்கிறது. தூசு தட்டி, நிறம் ஏற்றி, நிமிஷம் நொடியெல்லாம் கீழே ஓடுகிற மாதிரி. கட்டைவிரலால் முன்னும் பின்னும் இழுக்கலாம். எந்த வெள்ளிக்கிழமையும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே படம். மூன்று நாளில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். நேற்று மூன்றாவது தடவை, வயல் வந்து, இருமல் நேரத்தில் போய், அரிவாள் வந்ததும், எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ‘படுபாவிகள், வெட்டிட்டானுங்களே’ என்று வாய்விட்டுக் கத்தினேன். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, அந்தக் காட்சியை உண்டாக்கியவன் நான் என்று. பச்சைத்துண்டு கூட என் கண்முன் நின்றது, அதைச் சொன்னது நான்கூட இல்லை.

உங்களிடம் இவ்வளவும் சொன்ன பிறகு, கடைசியில் செல்விக்கு எழுதினேன். “ஃபோனில் வந்திருப்பது குறைத்த படம்மா. அப்பா வருகிற இடம் அதில் இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்தவர்களுக்குத்தான் அது.”

உடனே பதில் வந்தது.

“தெரியும்ணே. அப்பா போறதுக்கு முந்தி, அப்புடி ஒரு எடமே படத்துல கெடையாதுன்னு எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் போனாரு. பையன்கிட்ட நானும் இதயேதான் சொன்னேன். நீங்களும் மாத்தாம சொல்றீங்களான்னு பாத்தேன்.”

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். உரக்கடை கைமாறி, பலகை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு. அந்த நாற்பது பேரில் எனக்குத் தெரிந்து நான் மட்டும்தான் மிச்சம். இந்த வருஷப் பட்டியலைத் திறந்து, ஐந்து படங்களுக்கும் கீழே, ‘சிறந்த காட்சி: மடை திறக்கும் காட்சி’ என்று சேர்த்துப் போட்டேன். பதினேழு கட்டைவிரல்கள் வந்தன. எழுதினது நெசமா என்று நின்று கேட்பதற்குத்தான் ஆசீர்வாதம் ஐயா இல்லை.